சண்டியனின் பசியும் அம்மாவின் பயமும்

காலை ஆறரை மணியளவில் எங்கள் ஒழுங்கை முனையில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்கும். அது எங்களுக்குக் கேட்பதற்கு முன்னரே சண்டியனுக்குக் கேட்டுவிடும். கூரையில் படுத்திருந்தாலும் சரி, விறகுக் குவியலுக்குள் கிடந்தாலும் சரி, வாலை நிமிர்த்திக்கொண்டு படலையடியில் வந்து நிற்பான். மீன்காரர் பெட்டியைத் திறந்ததும் முதலில் தேடுவது வாங்குபவரை அல்ல, சண்டியனைத்தான். ஒருமுறை தராசுத் தட்டில் கிடந்த சூடை மீனைக் கவ்விக்கொண்டு ஓடியவன் அவன். அன்றிலிருந்து, "ஐயா வந்திட்டார், அவற்ற பங்கை முதல்ல குடுப்பம்" என்று சொல்லி ஒரு சூடையை அவன் பக்கம் எறிந்துவிட்டுத்தான் அவர் நிறுக்கத் தொடங்குவார்.

சண்டியன் எங்கள் வீட்டுப் பூனை. மண்ணிறமும் வெள்ளையும் கலந்த கடுவன். 2021 மாரியில் ஏ9 வீதியோரம் ஒரு மதகுக்குக் கீழே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை நான் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டு வந்தேன். அப்போது அவன் உள்ளங்கைக்குள் அடங்குவான். அன்றிரவே அம்மா கொடுத்த மீனை முள்ளோடு விழுங்கிவிட்டு, தட்டையும் நக்கி, தட்டிருந்த இடத்து நிலத்தையும் நக்கினான்.

அதற்குப் பிறகு அவன் செய்த களவுகளை எழுதினால் ஒரு கொப்பி போதாது. சட்டி மூடியைத் தலையால் தள்ளித் திறப்பான். மூடிக்கு மேல் அம்மிக் குழவியை வைத்தால் சட்டியையே உருட்டிவிடுவான். நெத்தலிக் கருவாட்டுப் பையைக் கிழித்து, கருவாட்டைத் தின்றுவிட்டுப் பையை என் படுக்கையில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். தைப்பொங்கலுக்குப் படைத்த வடையில் ஒன்று காணாமல் போனது. பக்கத்து வீட்டு மாமி பொரித்து வைத்த பாரைத் துண்டு ஒன்று எங்கள் கிணற்றடியில் கண்டெடுக்கப்பட்டது. மாமி இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

இவன் உண்மையில் பசியில்தான் இப்படிச் செய்கிறானா? போதுமான அளவு கொடுத்தும் ஏன் இந்த ஆலாய்ப் பறப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், எங்கள் வீட்டைப் பற்றியும் சில விடயங்களை நான் அறிய வேண்டி வந்தது.

இனிப்புத் தெரியாத நாக்கு

வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்திய கிழக்கில் மனிதர் தானியம் விதைத்துச் சேமிக்கத் தொடங்கியபோது, களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயைப் போலப் பூனையை யாரும் பிடித்துப் பழக்கியதாகத் தெரியவில்லை. சாப்பாடு கிடைத்ததால் அதுவாகவே வந்து தங்கியது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகள் பழைமையான புதைகுழி ஒன்றில் ஒரு மனிதருக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பழைய உறவு. ஆனாலும் அதன் உடல் இன்னும் வேட்டை விலங்கின் உடல்தான்.

மனிதரும் நாயும் சோறு, கிழங்கு, இறைச்சி என்று எல்லாவற்றையும் தின்று வாழலாம். பூனையால் முடியாது. அது இறைச்சியில் மட்டுமே தங்கி வாழும் விலங்கு. இனிப்புச் சுவையை உணர வைக்கும் மரபணுக்களில் ஒன்று பூனைகளில் செயலிழந்து போயிருப்பதை 2005 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். சீனியும் கற்கண்டும் பூனைக்கு ஒன்றுமில்லை. கேக்கை நக்கினால் அது தேடுவது பட்டரின் கொழுப்பை. வடையைத் தூக்கினால் அது எண்ணெய் வாசத்துக்கு.

பாலைநிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்த விலங்குக்கு மீனில் ஏன் இந்த மோகம் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதற்கு ஒரு விடை தந்தது. இறைச்சிக்கே உரிய அந்த ஊறும் சுவையைப் பூனையின் நாக்கு நன்றாக உணர்கிறது. அந்தச் சுவையை மிகைப்படுத்தும் இரண்டு பொருட்கள் சூரை மீனில் தாராளமாக இருக்கின்றன. எங்கள் குசினியில் சூரைத் துண்டு வெட்டும் நாளில் சண்டியன் படும் பாட்டுக்கு இதுதான் காரணம்.

அதிகாலை நாலரை மணி

பூனை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் முறைப்பாடு ஒன்று உண்டு. விடிவதற்கு முன் நெஞ்சில் ஏறி நிற்கும், மூக்கை நக்கும், அதற்கும் எழும்பாவிட்டால் மேசையில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தட்டி விழுத்தும். சண்டியன் என் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை உடைத்திருக்கிறான்.

பூனை பகல் விலங்கும் அல்ல, முழுமையான இரவு விலங்கும் அல்ல. எலியும் சிறு பறவைகளும் நடமாடும் விடியற்பொழுதிலும் அந்தி நேரத்திலும்தான் அது அதிகம் விழித்துத் திரியும். மிச்ச நேரத்தில், நாளொன்றுக்கு 12 முதல் 16 மணித்தியாலம் வரை தூங்கும். எனவே நாலரை மணி என்பது அதன் கணக்கில் வேலைக்குப் போகும் நேரம்.

அதன் வயிறும் சிறியது. ஒரு சுண்டெலியில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கும். நாலு கிலோ எடையுள்ள ஒரு வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 200 கலோரி. அதாவது ஏழு சுண்டெலி. வெளியில் வாழும் பூனை இதை ஒரே தடவையில் தின்னாது. ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தின்னும். ஆகவே நாங்கள் காலையிலும் இரவிலும் இரண்டு முறை தட்டு நிறையப் போட்டுவிட்டு, "இவ்வளவும் திண்டவன் திரும்பவும் கேக்கிறான்" என்று ஏசுவதில் நியாயமில்லை. அவனுடைய உடல் கேட்பது கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை.

இன்னொரு நம்பிக்கையும் எங்கள் பக்கம் உண்டு. பூனைக்குச் சாப்பாடு குறைத்தால்தான் எலி பிடிக்கும் என்பார்கள். வேட்டைத் தூண்டலும் பசியும் பூனையின் மூளையில் வேறு வேறாக இயங்குபவை. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும். தின்றுகொண்டிருக்கும்போதே எலி குறுக்கே ஓடினால் தட்டை விட்டுவிட்டுப் பாயும். பட்டினி போட்டால் எலி குறையாது, குசினிக் களவுதான் கூடும். நெல் மூட்டை வைத்திருப்பவர்கள் மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி, பொந்துகளை அடைப்பதே நல்லது. பெருத்த எலிகளோடு மோதுவதைப் பூனைகள் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

அழுகையைப் போன்ற ஒரு சத்தம்

சண்டியன் கேட்கும் விதம் ஒன்று உண்டு. அம்மாவின் காலைச் சுற்றி உரசிக்கொண்டு உறுமுவான். சுகமாகப் படுத்திருக்கும்போது வரும் உறுமல் அல்ல. அதற்குள் மெல்லிய அழுகை ஒன்று கலந்திருக்கும். நான் கேட்டும் கேளாமல் இருந்துவிடுவேன். அம்மாவால் முடியாது. கையில் உள்ள வேலையைப் போட்டுவிட்டு எழும்பிவிடுவார்.

இது அம்மாவின் பலவீனம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2009 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரென் மெக்கோம்ப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இந்தச் சத்தத்தைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். சாப்பாடு கேட்கும்போது சில பூனைகள் தங்கள் உறுமலுக்குள் உயர்ந்த சுருதியில் ஓர் அழுகையைக் கலக்கின்றன. அந்தச் சுருதி கைக்குழந்தையின் அழுகைக்குக் கிட்ட வருகிறது. பூனை வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குக்கூட அது அவசரமான, அலட்சியப்படுத்த முடியாத சத்தமாகக் கேட்டிருக்கிறது. வளர்ந்த பூனைகள் தமக்குள் அவ்வளவாக மியாவ் என்று கத்திக்கொள்வதில்லை. அந்தக் கத்தல் பெரும்பாலும் மனிதருக்காக வைத்திருப்பது.

இதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"அந்தச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டன் பிள்ளை. உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. மாத்தளனில தம்பி இப்பிடித்தான் அழுதவன். சத்தமாய் அழேல்லை. இப்பிடித்தான், முனகி முனகி."

எனக்கு ஞாபகம் இருந்தது. 2009 இல் எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஆறு. பரந்தனில் இருந்து வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடமாக விட்டு மாத்தளனுக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு சின்னப் பையில் அரிசி மட்டும். கஞ்சிதான். அதுவும் ஒரு நேரம். "இப்ப வரும், இப்ப வரும்" என்று அம்மா அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பி இன்று வளர்ந்து, கொழும்பில் வேலை செய்கிறான். நாளுக்கு இரண்டு முறை அம்மா அவனுக்கு அழைப்பு எடுத்து முதலில் கேட்பது, "சாப்பிட்டியோ?"

பசி முடிந்த பின்னும் இருக்கும் பசி

இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அன்செல் கீஸ் என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி இடங்கொடாது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். 1945 இல் 24 கிழமைகள் அவர்களுக்கு அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது.

அவர்களுடைய மனதில் நடந்ததுதான் முக்கியமானது. பேச்செல்லாம் சாப்பாடு. கனவெல்லாம் சாப்பாடு. முன்பு சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையற்குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டை நக்கினார்கள். தேவையில்லாத பொருட்களையும் சேர்த்து வைத்தார்கள். பட்டினிக் காலம் முடிந்து வேண்டிய அளவு உணவு கொடுத்தபோதும் பலருக்கு வயிறு நிறைந்த உணர்வு நெடுநாளாக வரவில்லை. வயிறு நிரம்பி வலித்தபோதும் மனம் இன்னும் கேட்டது.

இதை வாசித்தபோது என் கண்ணுக்கு முன் வந்தவர்கள் இருவர். ஒருவன் மதகுக்குக் கீழே பசித்துக் கிடந்து, இன்று வரை ஒவ்வொரு தட்டையும் கடைசித் தட்டு என்று நினைத்துத் தின்னும் சண்டியன். பூனைக்கும் மனிதருக்கும் ஒரே கணக்கைப் போட முடியாது. ஆனாலும் தெருவில் பசியோடு வளர்ந்த குட்டிகளிடம் இந்த அவசரமும் களவும் இருப்பதைப் பூனை வளர்த்தவர்கள் பலரும் கண்டிருப்பார்கள்.

மற்றவர் அம்மா. எங்கள் வீட்டில் கட்டிலுக்குக் கீழே எப்போதும் இரண்டு மூட்டை அரிசி இருக்கும். அலுமாரியில் உடுப்புக்குப் பின்னால் பருப்பும் சீனியும் ரின் மீனும். சட்டியில் ஒட்டிய சோற்றையும் தண்ணீர் ஊற்றி வைப்பார். இது செட்டிகுளம் முகாமில் நிவாரண அரிசியைப் பேணியால் அளந்து அளந்து வாழ்ந்த காலத்தில் தொடங்கியது. 2010 இல் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் போகவில்லை. நாங்கள் பகிடி பண்ணுவோம். 2022 இல் நாடே வரிசையில் நின்றபோது, பகிடி பண்ணிய சொந்தக்காரர்கள் வந்து அம்மாவிடம் அரிசி கடன் வாங்கிப் போனார்கள். அதன் பிறகு ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் போய், "அம்மா, இந்தப் பூனைக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள்" என்று சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்தது.

ஆறு கிலோ எழுநூறு

2022 கடைசியில் சண்டியனுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தோம். இரவில் சண்டை பிடித்துக் காது கிழிந்து வருவதும், மூலைக்கு மூலை சிறுநீர் அடிப்பதும் நின்றன. ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு பூனையின் உடலுக்குத் தேவையான சக்தி குறையும், பசியோ கூடும். இதை அறிந்து அளவைக் குறைக்காவிட்டால் பூனை பருக்கும். எங்களுக்கு அது தெரியவில்லை. ஒன்றரை ஆண்டில் சண்டியன் கூரைக்குத் தாவுவதை விட்டுவிட்டான். முதுகை நக்கித் துப்புரவாக்க எட்டவில்லை. படலையடிக்கு ஓடி வந்தவன், நடந்து வரத் தொடங்கினான்.

கால்நடை வைத்தியர் தராசில் வைத்தார். ஆறு கிலோ எழுநூறு கிராம். நாலரை அல்லது ஐந்து கிலோதான் அவனுக்கு அளவு. "அம்மா, இப்பிடியே போனால் நீரிழிவு வரும், மூட்டு தேயும்" என்றார் வைத்தியர். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். "பசியெண்டு அழுதால் என்ன செய்யிறது டொக்டர்?" என்றுதான் கேட்டார்.

எங்களோடு வந்த ஒருவர், மூன்று நாள் ஒன்றும் கொடுக்காமல் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வைத்தியர் உடனே மறுத்தார். பருத்த பூனை திடீரென்று பட்டினி கிடந்தால் உடற் கொழுப்பு அவ்வளவும் ஈரலுக்குள் போய்ச் சேர்ந்து ஈரல் பழுதாகிவிடும். உயிரே போகலாம். எனவே எடையை மிக மெதுவாகக் குறைக்க வேண்டும். கிழமைக்கு ஒரு வீதம் போதும். எந்தப் பூனையாவது இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் படுத்திருந்தால் காத்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். அதேபோல், நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போனால் அது வெறும் சாப்பாட்டு ஆசை அல்ல. குடற்புழு, நீரிழிவு, வயதான பூனைகளில் தைரொயிட் சுரப்பிக் கோளாறு என்று காரணங்கள் இருக்கலாம்.

பட்டினி போடக்கூடாது என்று வைத்தியரே சொன்னதும் அம்மாவின் முகம் தெளிந்தது. திரும்பி வரும் வழியில் முச்சக்கரவண்டிக்குள், "பாத்தியோ, அவரும் பட்டினி வேண்டாமெண்டுதான் சொன்னவர்" என்று மூன்று தடவை சொன்னார்.

எத்தனை தடவை, எவ்வளவு

முதலில் நாங்கள் செய்தது பிழைத்தது. காலை, இரவு என்று இரண்டு நேரம் மட்டும் கொடுப்பது, கேட்டால் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். முதல் நாள் சண்டியன் கத்தினான். இரண்டாம் நாள் அதைவிடக் கத்தினான். மூன்றாம் நாள் விடிய நாலரைக்கு அம்மா எழும்பிக் கொடுத்துவிட்டார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு முறை கத்தும்போதும் கொடுத்தால் பூனை கத்தப் பழகும். சில முறை மறுத்துவிட்டு ஒரு முறை கொடுத்தால், விடாமல் கத்தப் பழகும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை மிக ஆழமாகப் பதிக்கும். அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குபவர் அடுத்த சீட்டையும் வாங்குவது அதனால்தான்.

பிறகு முறையை மாற்றினோம். ஒரு நாளுக்குரிய முழுச் சாப்பாட்டையும் காலையிலேயே ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவது. அம்மா அதைப் பழைய பால்பேணியால் அளந்தார். அந்தப் பெட்டியில் இருந்து மட்டும், நாளுக்கு ஆறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. அவன் கத்துவதற்கு முன்னரே, நேரத்துக்குக் கொடுப்பது. கடைசிப் பங்கு இரவு நாங்கள் படுக்கப் போகும்போது. அதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து அவனைப் பாய விடுவது. வேட்டையாடி, தின்று, நக்கித் துடைத்து, தூங்குவது பூனையின் இயற்கை ஒழுங்கு. அந்த ஒழுங்கில் விட்டால் விடியப்புறத்தில் எழுப்புவது குறையும்.

சிரட்டை யோசனை அம்மாவுடையது. நாலைந்து சிரட்டைகளில் துளி துளியாக மீனை வைத்து விறாந்தையின் மூலைகளில் ஒளித்து வைப்பார். எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டில் சிரட்டையை வைக்க வேண்டும். சண்டியன் மோப்பம் பிடித்துத் தேடித் தேடித் தின்பான். வெளிநாடுகளில் இதற்கென்றே விளையாட்டுப் பாத்திரங்கள் விற்கிறார்கள். எங்களுக்குச் சிரட்டை காணும்.

இந்த முறை ஏன் வென்றது என்று யோசித்தால், சண்டியனுக்கு வேண்டியிருந்தது பல தடவை கிடைப்பது. அம்மாவுக்கு வேண்டியிருந்தது பல தடவை கொடுப்பது. இருவருக்குமே அளவு பெரிய விடயமாக இருக்கவில்லை. ஒன்பது மாதத்தில் சண்டியன் ஐந்து கிலோ இருநூறுக்கு வந்தான்.

சட்டியில் இருந்து என்ன கொடுக்கலாம்

கடையில் விற்கும் பூனை உணவு எங்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. வீட்டுச் சாப்பாட்டில்தான் பூனை வளர்கிறது. "சோத்தையும் சொதியையும் திண்டு வளராத பூனையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பூனைகள் வெளியில் எலியும் பல்லியும் ஓணானும் பிடித்துக் குறையை நிரப்பின. அவற்றில் நெடுநாள் இருந்தவை எத்தனை என்பதையும் நாங்கள் கணக்கு வைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை இவை:

மீன், கோழி இறைச்சி, கோழியின் இதயம், அவித்த முட்டை ஆகியவை நல்லவை. உப்பு, தூள் போடாமல் அவித்து, முள்ளையும் எலும்பையும் நீக்கிக் கொடுக்கலாம். ஈரல் கிழமைக்கு ஓரிரு முறை, சிறு துண்டு போதும்.

டோரின் என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் தேவை. அது குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். அவிக்கும்போது இந்தச் சத்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆகவே அவித்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். சோறு கொஞ்சம் கலக்கலாம், ஆனால் சோறே சாப்பாடாகக் கூடாது.

பச்சை மீனை மட்டுமே நாளாந்தம் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் உள்ள ஒரு பொருள் உயிர்ச்சத்து பி1ஐ அழித்துவிடும். நடை தள்ளாடும், வலிப்பு வரும். சூடு காட்டினால் அந்தப் பொருள் செயலிழந்துவிடும்.

குழம்பும் சொதியும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டில் உப்பு அதிகம். சொக்கலேற், முந்திரிகைப் பழம் இரண்டும் ஆகாது.

பால் பூனைக்கு உரியது என்பது பழங்கதை. குட்டிப் பருவம் கழிந்ததும் பெரும்பாலான பூனைகளுக்குப் பால் செமிக்காது, வயிற்றோட்டம் வரும். தண்ணீர்தான் வேண்டும்.

காய்ச்சல் என்று நினைத்துப் பரசிற்றமோல் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

கடியும் கீறலும்

சாப்பாட்டுக்குப் பறக்கும் பூனை, கையில் இருப்பதைப் பறிக்கும்போது கீறும், கடிக்கும். எங்கள் நாட்டில் விசர்நாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. அது நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். குட்டிக்கு மூன்று மாதமானதும் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்து அங்கே இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிவிட்டு இருக்க வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மார் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம். வேறு ஒருவர் நாளாந்தம் அள்ளிப் புதைக்க வேண்டும். பூனையையே வீட்டை விட்டுத் துரத்தத் தேவையில்லை.

களவைப் பொறுத்தவரை அடிப்பதால் பயனில்லை. பூனை தான் செய்ததையும் பின்னர் விழும் அடியையும் தொடுத்துப் பார்க்காது. அடித்தவரைக் கண்டால் ஒளிக்கும், அவர் இல்லாத நேரத்தில் எடுக்கும். மூடி இறுக்கமான பாத்திரம், சாத்திய குசினிக் கதவு, எங்கள் அப்பம்மா காலத்து உறி ஆகியவைதான் மருந்து. நாங்கள் உறியை மீண்டும் கட்டிவிட்டோம். மாமிக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தோம். இப்போது கதைக்கிறார்.

வெள்ளைச்சிக்கு வைத்த சோறு

சண்டியனுக்கு முன் எங்களிடம் வெள்ளைச்சி என்று ஒரு பூனை இருந்தது. 2008 கடைசியில் பரந்தனில் இருந்து வெளிக்கிட்டபோது லான்ட்மாஸ்ரரில் இடம் இல்லை. அவளும் பிடிபடவில்லை. செல் சத்தத்துக்கு எங்கோ போய் ஒளித்துக்கொண்டாள். அம்மா ஒரு சட்டி நிறையச் சோறு பிசைந்து கிணற்றடியில் வைத்துவிட்டு ஏறினார். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்த அளவு அது. திரும்பி வந்தபோது 2010. கூரை இல்லை, கதவு இல்லை. சட்டி மட்டும் கிணற்றடிப் பற்றைக்குள் கவிழ்ந்து கிடந்தது.

அந்தச் சட்டியை அம்மா கழுவி எடுத்து வைத்திருக்கிறார். விளிம்பு உடைந்திருப்பதால் சமையலுக்கு ஆகாது. சண்டியனின் தண்ணீர் அதில்தான் இருக்கிறது.

இன்று காலையும் மீன்காரர் வந்தார். சண்டியன் கூரையில் இருந்து குதித்து ஓடிப் போனான். சூடை ஒன்றை எறிந்துவிட்டு, "இண்டைக்கு இன்னொண்டு போடட்டோ அம்மா?" என்று கேட்டார். அம்மா கையில் இருந்த பேணியைப் பார்த்தார். "வேண்டாம் தம்பி, அவன்ர கணக்கு சரி" என்றார்.